சுண்ணாம்புக் கல்லின் கடன்: சிமெண்டு ஆலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்





புகைபோக்கிக்குப் போகும் வழியிலேயே கரியமில வாயுவை மறித்துப் பிடித்து, அதை அழுத்தித் திரவமாக்கி, பூமியின் அடியாழத்தில் செலுத்திப் பூட்டிவைப்பது என்பது ஓர் உபாயம். அவ்வாறு பிடித்த வாயுவை ஆழ்கடலில் செலுத்தலாம் என்று இத்தாலிய விஞ்ஞானி செசாரே மார்க்கெட்டி 1977-ல் எடுத்துச் சொன்னார். அன்றுமுதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வாயுவைப் பிடித்து ஒதுக்குவதைப்பற்றிய பேச்சு நடந்துவருகிறது. இந்தப் பேச்சில் எண்ணெய்க் கம்பெனிகளின் குரல் உரத்துக் கேட்கிறது. நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகிறவர்களின் குரல் அதற்கு அடுத்தபடியாகக் கேட்கிறது. எவருக்கு இந்த உபாயம் உண்மையிலேயே தவிர்க்க முடியாததோ, அந்த நீங்கள் மட்டும், யாரேனும் முதலில் எழுந்து பேசட்டும் என்று சபையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களை முன்வரிசைக்கு அழைப்பதே இம்மடலின் நோக்கம். குற்றம் சாட்டுவதற்காக அழைக்கவில்லை. அங்கே உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அந்த உரிமையிலிருந்து பிரிக்க முடியாதபடி ஒரு பொறுப்பும் இருக்கிறது.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சுரங்கத்தின் சுவரைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். தடித்த ஓடுள்ள சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிந்து இறுகிக் கிடக்கும் படுகை அது. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்குமுன் அந்த இடம் சமுத்திரமாக இருந்தது என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான பிரமாணம் வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிளான்போர்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இந்தப் பிரதேசத்தை ஆராய்ந்து எழுதினார்; அவருக்குப் பின் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த சிப்பி, சங்கு முதலியவற்றின் உருவங்களைப் பெரிய நூல்களில் வருணித்தார். அவர்கள் எழுதியதெல்லாம் சாஸ்திர ஆராய்ச்சிக்காக; நமக்கோ அவற்றில் இன்று வேறொரு விசேஷம் தென்படுகிறது. காற்றிலும் கடலிலும் திரிந்த கரிமத்தைக் கல்லாக மாற்றிப் பூமிக்குள் வைக்கும் காரியத்தை, நம் நிபுணர்கள் கோடிகளைக் கொட்டிச் செய்ய முயலும் அதே காரியத்தை, அந்த அற்பப் பிராணிகள் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்ளும் பிரயத்தனத்திலேயே செய்து முடித்திருந்தன. நீங்கள் அந்தக் கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, பொடியாக்கி, சூளையிலிட்டு, பூட்டைத் திறந்துவிடுகிறீர்கள்.

கணக்கு எளியது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவை 900 டிகிரி உஷ்ணத்தை ஒட்டிச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். பாக்கி 44 கிலோவும் கரியமில வாயுவாகி ஆகாயத்தில் கலந்துவிடும். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு நீற்றிய நம் முன்னோர் காலத்திலும் இந்த விகிதம் இதுவேதான். அன்று சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருந்து அந்த வாயுவைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாயிற்று; இன்றைய கான்கிரீட்டும் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது, ஆயினும் ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் மிக மந்தமாக.

சிமெண்டு ஆலையிலிருந்து வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் கல்லிலிருந்து பிறப்பது. எஞ்சியதே அடுப்பில் இடும் எரிபொருளிலிருந்து வருவது. ஆகவே, நாளைக்கே உங்கள் யந்திரங்கள் அனைத்தும் சூரிய ஒளியாலும் காற்றாலும் இயங்கத் தொடங்கினாலும், சூளையின் 1,450 டிகிரி உஷ்ணத்தை நிலக்கரி இன்றி உண்டாக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாலும், அந்த 60 சதவீதம் அப்படியே நிற்கும். அனல்மின் நிலையத்துக்கு மாற்று உண்டு. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தியா வேண்டும் அளவில் கிடைக்கக்கூடிய மாற்று இன்னும் அகப்படவில்லை. பிடித்துப் புதைக்கும் உபாயத்தின்மீது முதல் உரிமை உங்களுடையது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நீங்கள் சும்மா இருந்துவிட்டீர்கள் என்று சொல்வது அநியாயம். அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்து, சூளையில் வெந்து வரும் கிளிங்கரின் பங்கைக் குறைத்து, ஒரு டன் சிமெண்டுக்கு வெளியேறும் வாயுவின் அளவில் உலகத்திலேயே சிக்கனமானவர்களுள் நம்மவர்களும் இருக்கிறார்கள். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக் கல்லையும் கலந்து செய்யும் புதுவகைச் சிமெண்டை உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சியாளர்களுக்கும் பங்கு உண்டு. அதற்கு 2023-ல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது. இவையெல்லாம் செய்யத்தக்கவை, இன்னும் வேகமாகச் செய்யத்தக்கவை. ஆனால் அவை குறைக்குமேயன்றி நிறுத்தா. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று உங்கள் வாசலைத் தாண்டும்போது, இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும், சுமார் 30 கிலோ கரியமில வாயு முன்னமே ஆகாயத்துக்குப் போய்விட்டிருக்கிறது. இத்தேசம் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் சிமெண்டு செய்கிறது. வீடில்லாதவர்களும் பாலமில்லாத ஆறுகளும் இருக்கும்வரை அந்த அளவு கூடுமேயொழியக் குறையப்போவதில்லை, குறைய வேண்டும் என்று விரும்புவதும் தர்மமாகாது.

இனி, இந்த உபாயத்தின் சரித்திரத்தைப் பார்ப்போம். அது பெருமைப்படத்தக்கதாக இல்லை. வட கடலில் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் நார்வே தேசத்தார் எடுத்த இயற்கை வாயுவில் கரியமில வாயு 9 சதவீதம் கலந்திருந்தது. அதை நீக்காமல் வாயுவை விற்க முடியாது. நீக்கியதை ஆகாயத்தில் விட்டால், 1991-ல் அந்நாட்டு அரசாங்கம் விதித்த வரியைக் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்த கம்பெனி, 1996 முதல் அதைக் கடலடி மணற்பாறையில் செலுத்தத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில், பல ஆண்டுகள், தடங்கலின்றி அது நடந்தது; ஒலியலைகளை அனுப்பி அந்த வாயு பாறைக்குள் பரவும் விதத்தை அவ்வப்போது படம்பிடித்தும் காட்டினார்கள். முடியுமா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. வரி இல்லாத தேசங்களில் ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதன் பின் வந்தவற்றுள் பல, வாக்குறுதிக்கும் காரியத்துக்கும் இடையில் சறுக்கி விழுந்தன. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கெம்பர் என்னுமிடத்தில் எழும்பிய மின்நிலையம் 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டு, 2017-ல் வாயுவைப் பிடிக்கும் திட்டத்தையே கைவிட்டது. அல்ஜீரியாவின் இன் சாலா பாலைவனத்தில் 2004 முதல் செலுத்திய வாயுவின் அழுத்தத்தால் நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலெழும்பியதைச் செயற்கைக் கோள்கள் கண்டன; மேல்மூடியான பாறையைப்பற்றிச் சந்தேகம் எழவே 2011-ல் நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கோர்கனில் வாயு ஏற்றுமதி 2016-ல் ஆரம்பமாயிற்று. புதைக்கும் வேலையோ 2019-ல்தான் தொடங்கி, சொன்ன அளவான ஆண்டுக்கு 40 லட்சம் டன்னை எட்ட முடியாமல் திணறுகிறது. உலகம் முழுவதும் கரியமில வாயுவைப் பிடிப்பதற்காக இப்போது இயங்கும் சாதனங்களின் மொத்தத் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி டன். மனிதகுலம் எரிபொருளாலும் ஆலைகளாலும் வெளிவிடுவதோ 3,700 கோடி டன்னுக்கு மேல். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அந்த 5 கோடியிலும் பெரும்பகுதி, வற்றிவரும் கிணறுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெயைப் பிதுக்கி எடுப்பதற்கே பயன்படுகிறது. சர்வதேச எரிசக்தி முகமை வகுத்துக் காட்டும் பாதையிலோ 2050-ல் ஆண்டுக்கு 600 கோடி டன் அளவில் பிடிக்க வேண்டியிருக்கிறது. நூறு மடங்குக்கு மேல் வளர வேண்டிய ஒரு தொழிலின் இன்றைய நிலை இது.

சுற்றுச்சூழல் நலனில் அக்கறையுள்ள நண்பர்கள் பலர் இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, இதெல்லாம் எண்ணெய்க்காரர்கள் காலத்தைக் கடத்தச் செய்யும் தந்திரம் என்று முடிவுகட்டுகிறார்கள். எண்ணெய்க்காரர்களைப் பொறுத்தவரை அந்த நண்பர்களுடன் வாதாட எனக்கு விருப்பமில்லை. மேற்சொன்னவற்றுள் ஒன்றுகூடச் சிமெண்டு ஆலை அல்ல என்பதை மட்டும் அவர்கள் கவனிக்க வேண்டும். நீங்களும் கவனிக்க வேண்டும்.

சிமெண்டு ஆலையில் முழு அளவில் இதைச் செய்துகாட்டியவர்கள் நார்வே தேசத்தின் பிரெவிக் என்னும் துறைமுக ஊரில் இருக்கிறார்கள். 2025 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட அச்சாதனத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது உங்களுக்குப் பயன்படும். சூளையிலிருந்து வரும் புகையைக் குளிரவைத்து ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் என்னும் ரசாயனம் கலந்த நீர் வழிந்து இறங்கி, எதிரே ஏறிவரும் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. பற்றியதை மற்றொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும். அமீன் மறுபடி வேலைக்குத் திரும்பும். சிமெண்டுப் புகையில் இந்த வாயு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நிலக்கரிப் புகையில் 12 முதல் 14 சதவீதம்தான். செறிவு கூடுதலாக இருப்பதால் பிடிப்பது உங்களுக்குச் சற்றுச் சுலபம்.

செலவில் பெரும்பகுதி அப்படிச் சூடாக்குவதில்தான். பிரெவிக்கில் சூளையின் வீணாகும் உஷ்ணத்தைக் கொண்டே அதைச் செய்கிறார்கள். அந்த உஷ்ணம் எவ்வளவுக்குப் போதுமோ அவ்வளவே பிடிப்பது என்று தீர்மானித்தபடியால், ஆலை வெளியிடும் வாயுவில் பாதியை, அதாவது ஆண்டுக்கு 4 லட்சம் டன்னை, பிடிக்கிறார்கள். இந்த ஒரு விவரத்தின்மேல் உங்கள் நிபுணர்கள் சிறிது நேரம் நிற்க வேண்டும். நம் நாட்டு ஆலைகள் பலவற்றில் அந்த வீண் உஷ்ணத்தை ஏற்கனவே மின்சாரமாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். அது பாராட்டத்தக்க சிக்கனம். நாளைக்கு அதே உஷ்ணத்தை அமீன் கோபுரமும் கேட்கும். அப்போது மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கவேண்டிவரும். வாங்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் ஒரு கையால் பிடித்ததை மறு கையால் விட்டதாகும். இந்தத் தீர்மானத்தை ஆலை கட்டும்போதே எடுக்க வேண்டும். இப்போது நீங்கள் எழுப்பிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புதிய சூளையும் நாற்பது ஆண்டுகளேனும் நிற்கப்போவது. கோபுரத்துக்கான மனையையும், குழாய்க்கான வழியையும், உஷ்ணத்துக்கான ஏற்பாட்டையும் வரைபடத்தில் இன்றே ஒதுக்காவிட்டால், பின்னர் இடித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவைக் காரணம் காட்டி எதுவும் செய்யாதிருக்க நேரும்.

பிரெவிக்கில் பிடித்த வாயுவைத் திரவமாக்கி, அதற்கென்றே கட்டிய கப்பல்களில் ஏற்றி, பெர்கன் நகருக்கு அருகிலுள்ள ஓய்கார்டனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாய் வழியே கடலுக்குள் அனுப்பி, கடலடித் தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்திலுள்ள பாறையில் செலுத்துகிறார்கள். 2025 ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே போயிற்று. பிடிப்பது, கப்பலேற்றுவது, புதைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த அந்தத் திட்டத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பணக்கார நாடு, செய்துகொண்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஆலைக்காரன் புதைக்கும் இடம் தேடி அலைய வேண்டியதில்லை என்னும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுத்தான் அங்கே வாயுவைப் பிடிக்கும்படி ஆலைக்காரனிடம் சொன்னார்கள் என்பதை நம் அரசாங்கத்தார் கவனிப்பது நல்லது.

தூத்துக்குடியில் நம்மவர்களே இதைச் செய்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். செய்தார்கள், சந்தேகமில்லை. அங்குள்ள ஒரு காரத் தொழிற்சாலையில் 2016-ல், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்புச் செய்யும் சாதனத்தை, காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் தொடங்கிய கம்பெனியின் உத்தியைக் கொண்டு அமைத்தார்கள். பிடிக்கும் செலவைக் குறைத்துக்காட்டிய சாதனை அது. ஆனால் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போகும்போதும், சமையல் சோடா மாவில் பொங்கும்போதும், பிடித்த வாயு மறுபடி வெளியேறிவிடுகிறது. உபயோகிப்பது வேறு, புதைப்பது வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதி, ஒரே கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது ஆண்டறிக்கைகளில் பரவிவருகிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் சாதனம் அமைப்பதாக டால்மியா நிறுவனத்தார் 2019-ல் அறிவித்தார்கள். அப்போது பிரெவிக் திட்டத்துக்கு நார்வே அரசாங்கத்தின் இறுதி அனுமதிகூடக் கிடைத்திருக்கவில்லை. அந்த அறிவிப்பின் தேதியையும் பிரெவிக் சாதனம் திறக்கப்பட்ட தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கேள்வி கேட்பது பங்குதாரர்களின் உரிமை.

எங்கே புதைப்பது? இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. அரியலூருக்குக் கிழக்கே காவிரிப் படுகையின் படிவப் பாறைகள் ஆழ்ந்து கிடக்கின்றன; நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் எடுத்த அனுபவமும், அப்பாறைகளைப்பற்றிய ஞானமும் ஓ.என்.ஜி.சி.யிடம் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாறைகளுக்கு மேலே இருப்பது நெல் வயல். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-ல் எண்ணெய், வாயுத் திட்டங்களை எதிர்த்து ஜனங்கள் திரண்டு நின்றதையும், 2020-ல் காவிரி டெல்டாப் பகுதி பாதுகாக்கப்பட்ட விசேஷ வேளாண் மண்டலமாகச் சட்டமானதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த மண்ணுக்கடியில் ஒரு வாயுவைச் செலுத்தப்போகிறோம் என்று எவரேனும் போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை. அவர்கள் கோபப்படுவது நியாயமும்கூட.

பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று அவர்களிடம் சொல்லவும் முடியாது. மிசிசிப்பியின் சட்டார்ஷியா என்னும் சிற்றூரின் அருகே 2020 பிப்ரவரியில் கரியமில வாயுக் குழாய் ஒன்று வெடித்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடத்தில் படர்ந்து நிற்க, பிராணவாயு இன்றி மோட்டார் வண்டிகள் வழியிலேயே நின்றுபோயின. 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சுமார் 200 பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிருஷ்டம். ஆகவே டெல்டாவைத் தொடாமல், கரைக்கு அப்பால் கடலடிப் பாறைகளை முதலில் ஆராய்வதே உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழாய் போகும் ஊர்களில் முதல் கூட்டம் நடப்பது திட்டம் தீர்மானமாவதற்கு முன்பே இருக்க வேண்டும், அதுவும் தமிழில். புதைத்த வாயு நூறாண்டு கழித்துக் கசிந்தால் யார் பொறுப்பு என்பதற்கு ஐரோப்பியர் 2009-லேயே விதி எழுதிவிட்டார்கள்: கிணற்றை மூடி, குறைந்தது இருபது ஆண்டுகள் கம்பெனி கண்காணித்து, எல்லாம் நிலைபெற்றதென்று நிரூபித்த பிறகே அரசாங்கம் பொறுப்பேற்கும். நமக்கு இன்னும் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையோ, 2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிப்பதைப்பற்றிப் பேசுகிறது. இலக்கை எழுதுவதில் முந்திக்கொள்கிறோம். சட்டத்தை எழுதுவதில் பின்தங்குகிறோம்.

செலவைப்பற்றி மறைப்பானேன்? சிமெண்டு ஆலையில் ஒரு டன் வாயுவைப் பிடிக்க 60 முதல் 120 டாலர் வரை ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பு. மூட்டைக்கான அந்த முப்பது கிலோ வாயுவையும் பிடித்து, கொண்டுபோய்ப் புதைத்து முடித்தால், ஒரு மூட்டையின் விலை இருநூறு ரூபாய்க்கு மேலும் ஏறக்கூடும். அந்தப் பாரத்தைக் குடிசையை மாற்றி ஓர் அறை கட்டுகிறவன் தலையில் வைப்பது பாவம். ஆனால் தேசத்தில் விற்கும் சிமெண்டில் கணிசமான பங்கை அரசாங்கமே சாலைகளுக்கும் பாலங்களுக்கும் மெட்ரோ ரயிலுக்கும் வாங்குகிறது. ஒரு மேம்பாலத்தின் மொத்தச் செலவில் சிமெண்டின் விலை சிறு பகுதியே. வாயுவைப் புதைத்துச் செய்த சிமெண்டைக் கூடுதல் விலைக்கு முதலில் வாங்க வேண்டியவர்கள் பொதுப்பணித் துறையினரும் நெடுஞ்சாலைத் துறையினருமே. அரியலூரில் ஆலை நடத்தும் தமிழ்நாடு சிமெண்டுக் கழகமோ அரசாங்கத்தின் சொந்த நிறுவனம். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்றிருக்கும் இடத்தில் பரீட்சை செய்து பார்க்கத் தடை என்ன?

தனித்தனியே ஒவ்வோர் ஆலையும் குழாயும் கிணறும் போட்டுக்கொள்ள முடியாது என்று நீங்கள் சொன்னால், அது முற்றிலும் சரி. அதற்காகத்தான் இம்மடலை ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். அரியலூர், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களில் சில மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இத்தனை சூளைகள் அடுத்தடுத்து இருப்பது இந்தத் தேசத்தில் பல இடங்களுக்கு வாய்க்காத சௌகரியம். டால்மியாபுரத்தில் 1939-ல் முதல் ஆலை எழுந்தபோது எதிர்பாராத அந்தச் சௌகரியத்தை இப்போது பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே குழாய், ஒரே கிணற்றுத் தொகுதி என்று கேட்டால் அரசாங்கம் செவிசாய்க்கும்; தனித்தனியே மானியம் கேட்டால் ஆளுக்கொரு சிறு பரிசோதனைச் சாதனமும் திறப்பு விழாவும் கிடைக்கும்.

விலைப் போட்டியில் ஒருவரையொருவர் நம்பாத நீங்கள் இந்த ஒரு காரியத்துக்காக ஒரே மேஜையில் அமருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அமர்ந்து, காவிரிப் படுகையின் கடலடிப் பாறைகளை அளந்து முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடும்படி மத்திய அரசாங்கத்துக்குக் கூட்டாக ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். அந்த ஆராய்ச்சியின் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டறிக்கையில், கல்லிலிருந்து வெளிவந்த கரியமில வாயு எத்தனை டன், பிடித்தது எத்தனை டன், பிடித்ததில் உண்மையாகவே மண்ணுக்கடியில் போனது எத்தனை டன் என்று தனித்தனியே அச்சிடுங்கள். மூன்றாவது எண் இந்த ஆண்டு பூஜ்யமாகத்தான் இருக்கும், அதையும் அச்சிடுங்கள்.